புறநகர்ச் சாலைக்கு நடைபாதை: அகலத்துக்கு முன்னால் மட்டத்தைக் கேளுங்கள்

கேட்டிருப்பவர் காரைக்குடிப் புறநகரில் இருப்பவர். மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சாலை, இருபுறமும் புது வீடுகள், நாற்பதடி அகலம் என்று பத்திரத்தில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் நடைபாதை கேட்டு மனுக் கொடுத்துவிட்டது. எத்தனை அடி கேட்கலாம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, என்ன கல் பதிக்கச் சொல்லலாம், "வடிகால் கட்டி அது மேலேயே சிலாப் போட்டுத் தருகிறோம்" என்கிறார்களே, அதற்குச் சரி சொல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. வழக்கமாகப் போடுகிற மாதிரியில் என்றால் வேண்டாம். வடிகால் மேல் நடக்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. வடிகால் கட்டும்போது அதன் அடிமட்டச் சரிவைத்தான் பார்ப்பார்கள், மேல்மட்டம் எங்கே வந்து நிற்கிறதோ அதுவே நடைபாதையின் உயரம் ஆகிவிடும். ஓரிடத்தில் தார்ரோட்டை விட அரையடி, நாற்பது தப்படி தள்ளி ஒன்றரை அடி, பாலத்தருகே ரோட்டுக்குச் சமம். காகிதத்தில் அது நடைபாதை. நடக்கிறவர்களுக்கு அது ஏறி இறங்குகிற திண்டு.

அப்படிப்பட்ட ஒரு சாலையில் ஓர் ஆச்சி காய்கறிப் பையோடு நடந்து போனதைப் பின்னாலிருந்து கவனித்திருக்கிறேன். ஆரம்பத்தில் மேலேதான் நடந்தார். முதல் வீட்டு கேட் வந்ததும் சிலாப் நின்றுவிட்டது, கார் இறங்கும் சரிவு குறுக்கே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பையைக் கீழே வைத்து, இடது காலை முதலில் இறக்கி, அப்புறம் பையை எடுத்துக்கொண்டார். அடுத்த வீட்டு முன்னால் மறுபடி ஏற வேண்டும். ஏறினார். மூன்றாவது கேட்டில் இறங்கியவர் ஏறவே இல்லை. வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே, தார்ரோட்டிலேயே நடந்து போனார். பின்னால் மினி பஸ் ஹாரன் அடித்தது. கட்டி வைத்திருந்தும் மக்கள் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை என்று அதிகாரிகள் குறைபடுவதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அந்த மூன்று கேட்டுகளையும் அவர்கள் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் உங்கள் மனுவில் முதல் கோரிக்கையாக இதை எழுதுங்கள்: நடைபாதை தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீரான மட்டத்தில் இருக்க வேண்டும், எந்த வீட்டு வாசலிலும் அறுபடக் கூடாது. சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி 2012 பதிப்பே, நடைபாதை விளிம்பில் நடும் ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு, அதாவது அரையடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. உங்கள் மாதிரி வாசலுக்கு வாசல் கேட் உள்ள சாலைக்கு 100 மில்லிமீட்டர் போதும் என்பேன். சக்கர நாற்காலிக்குச் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு தேவைப்படும், 100 மி.மீ. என்றால் 1.2 மீட்டரில் முடிந்துவிடும். தெருமுனைகளில் இந்த 60 சென்டிமீட்டர் மிச்சமாவது பெரிய விஷயம்.

இப்போது கேட் விவகாரம். இதுதான் மொத்தத் திட்டத்தின் முடிச்சு. சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே வந்ததால் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இரண்டடி, மூன்றடி தூக்கிக் கட்டினார்கள். தூக்கியதும் கார் ஏற வேண்டுமே, சரிவை வாசலுக்கு வெளியே, பொது இடத்தில் இறக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. இனிமேல் சாலை உயராது என்ற உறுதி கிடைத்தால்தான் வீட்டுக்காரர்களிடம் சரிவை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் என்று பேச முடியும். ஆகவே சாலை மட்டம் இனி மாறாது என்பதையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கார் ஏற வழி என்ன என்று கேட்பார்கள். நடைபாதைக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே மரம், மின்கம்பம், பெயர்ப்பலகை எல்லாம் நிற்கிற ஒரு பட்டை வரும். கார் அந்தப் பட்டையில் ஏறட்டும். 60 சென்டிமீட்டர் நீளத்தில் 100 மில்லிமீட்டர் ஏறுவது எந்தக் காருக்கும் சிரமமில்லை. ஏறியதும் நடக்கிற பாகத்தைச் சமதளமாகவே கடந்து கேட்டுக்குள் போய்விடும். உள்ளே மீதி உயரத்தை அவரவர் காம்பவுண்டுக்குள் சமாளித்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் நடப்பவர் ஒரு கேட்டிலும் இறங்க வேண்டியதில்லை. நடைபாதையைத் தாண்டுவது கார்தான், ஆகவே கார்க்காரர் தானாகவே மெதுவாக வருவார். நோட்டீஸும் ஜே.சி.பி.யும் வருவதற்கு முன்னால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் அளவு டேப்போடு வீடு வீடாகப் போய், எந்த வாசலில் சரிவு எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு பேசிவிடுவது நல்லது. நம் ஊரில் முகம் பார்த்துச் சொன்னால் கேட்கிறவர்கள் அதிகம்.

மட்டத்தை முடிவு செய்யும்போது தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் மழைநீரை வைத்துத்தான் தெருவை வகுத்தார்கள். நேர்கோட்டுத் தெருக்கள், உயர்த்திக் கட்டிய வீடுகள், முற்றத்துத் தண்ணீர் தெருவுக்கு வந்து, தெருச் சரிவிலும் வாய்க்கால்களிலும் ஓடி ஊருணியில் சேர்கிற ஏற்பாடு. 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது இந்த நீர் மேலாண்மையும் அவற்றின் சிறப்புகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அந்தக் கிராமங்களில் ஒன்றான கானாடுகாத்தானில் ஒரு மழை நாளில் நின்று பார்த்தால் யாருக்கும் புரியும். நம் புது நகர்கள் அந்தச் சரிவுகளின் மேலேதான் மனை பிரித்து விற்கப்பட்டிருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அரையடி உயர ஓரக்கல்லை நட்டால், குறுக்கே அணை கட்டின கதைதான். மேட்டுப்பக்கத்து வீடுகளில் தண்ணீர் தேங்கும், பள்ளத்துப்பக்கத்து ஊருணிக்கு வரத்து நிற்கும். அப்புறம் நடைபாதையால்தான் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று ஊரே திரும்பும். யாராவது கடப்பாரை எடுத்து ஓரக்கல்லைப் பெயர்ப்பார்.

அதனால் வரைபடம் போடுவதற்கு முன் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடத்திப் பாருங்கள் என்று சொல்வேன். மழை வலுத்துப் பெய்யும்போது செல்போனில் படம் பிடியுங்கள், தண்ணீர் சாலையை எங்கெங்கே குறுக்கே வெட்டிப் போகிறது, எந்த வாசலில் எந்த உயரம் நிற்கிறது என்று சுவரில் சுண்ணாம்பால் குறியுங்கள். இந்த ஒரு நாள் வேலை கன்சல்டன்ட் தரும் அறிக்கையை விடப் பயன்படும். தண்ணீர் குறுக்கே போகிற இடங்களில் நடைபாதைக்கு அடியில் போதுமான அகலத்தில் வாய்க்கால் விட வேண்டும். அங்கங்கே ஓரக்கல்லில் தண்ணீர் இறங்க வாய் வைத்து, கசடு எடுக்க மூடியோடு சிறு தொட்டி வைக்க வேண்டும். நடைபாதையின் தளம் ரோட்டுப்பக்கம் ஐம்பதுக்கு ஒன்று சாய்ந்தால் போதும். 1.8 மீட்டர் அகலத்துக்கு 36 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது, தண்ணீர் நிற்காது. இதைவிட அதிகம் சாய்த்தால் சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் ரோட்டுப்பக்கம் இழுக்கும்.

இன்னொன்று: வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வாய்க்காலில் விடுகிற வழக்கம். சிலாப் போட்டு மூடியதும் அது கண்ணுக்குத் தெரியாமல் போய் ஊருணியில் சேரும். பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த தெரு என்றால் நடைபாதை வேலைக்கு முன்பே எல்லா வீடும் அதில் சேர்ந்தாக வேண்டும். வரப்போகிற தெரு என்றால் குழாய் பதித்து முடியும் வரை நடைபாதையைத் தொடவே வேண்டாம். தோண்டி மூடின மண் ஒரு மழையாவது பார்த்து இறங்கிய பிறகு கல் பதித்தால்தான் தளம் நிற்கும்.

வடிகால் மேல் நடைபாதை என்பதற்கு நான் சம்மதிப்பது ஒரே ஒரு முறையில்தான். நடைபாதை மட்டம் முதலில், அதற்குக் கீழே வடிகால். வடிகாலின் சரிவுக்கு ஆழத்தைக் கூட்டிக்கொள்ளட்டும், மேல்மட்டத்தை அசைக்கக் கூடாது. மூடிப்பலகைகள் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும், துப்புரவுக்குத் திறக்கிற பலகைகள் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும். ஆடுகிற ஒரு பலகை போதும், முழு நடைபாதையையும் மக்கள் கைவிடுவதற்கு.

அகலக் கணக்குக்கு வருவோம். நாற்பதடி என்றால் ஏறக்குறைய 12 மீட்டர். இரண்டு வழிப் போக்குவரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டராக 6 மீட்டர் தார்ரோடு உங்கள் சாலைக்குப் போதும், பஸ்ஸும் லாரியும் மெதுவாக எதிரெதிரே கடக்கலாம். மீதி பக்கத்துக்கு 3 மீட்டர். அதில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அரை மீட்டர் விட்டுவிடுங்கள், திறந்த கேட்டும் செருப்பும் கோலமும் அங்கேதான் வரும். அடுத்த 1.8 மீட்டர் நடக்க, எதுவும் குறுக்கே இல்லாமல். கடைசி 70 சென்டிமீட்டர் மரம், கம்பம், காரின் ஏற்றத்துக்கு. 1.8 என்பது விருப்பமாகக் கேட்பதல்ல, மேற்சொன்ன வழிகாட்டியிலேயே குடியிருப்புப் பகுதிக்கான குறைந்தபட்சம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போக அவ்வளவு வேண்டும். கடைவீதி என்றால் 2.5 மீட்டர். தலைக்கு மேலே 2.2 மீட்டருக்கு ஒன்றும் தொங்கக் கூடாது. கடைகளின் தகரக் கூரைகளையும் விளம்பரப் பலகைகளையும் இப்போதே பாருங்கள்.

"ரோட்டைக் குறுக்கி நடைபாதையா?" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். அகலமான காலியான தார்ரோடு வேகத்தைக் கூட்டும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதினால் பிழைக்கிற வாய்ப்பு அதிகம், ஐம்பதைத் தாண்டினால் அது வெகுவாகக் குறைகிறது. பள்ளிக்கூடம் உள்ள சாலையில் குறுகல் நல்லதுதான் என்று தயங்காமல் சொல்லுங்கள். கையில் சட்டமும் இருக்கிறது. நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியிருக்கிறது.

பணம் ஒரு பக்கத்துக்குத்தான் என்றால் ஒரு பக்கமே போடுங்கள், ஆனால் முழுமையாகப் போடுங்கள். இருபுறமும் மூன்றடி மூன்றடியாகப் பகிர்ந்து போடுவது இரண்டு பக்கத்துக்கும் உதவாது. பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். பாதி வழியில் பக்கம் மாறவே கூடாது. பிள்ளைகள் நடுவில் சாலையைக் கடக்க வேண்டி வரும், எந்த இடத்தில் கடப்பார்கள் என்று வண்டிக்காரருக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்து வீடுகளுக்காக இரண்டு மூன்று இடங்களில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கடவு அமைக்கலாம். வண்டி ஏறி இறங்கும்போது வேகம் தானே குறையும், தனியாக வேகத்தடை தேவையில்லை.

மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. சித்திரை வெயிலில் நிழலில்லாத நடைபாதையில் யாரும் நடக்க மாட்டார்கள், அகலம் பத்தடி இருந்தாலும். சாலை தெற்கு வடக்காக ஓடினால், பள்ளி விடும் நாலு மணிக்கு வெயில் மேற்கிலிருந்து வரும். அந்த நேரத்தில் ரோட்டோர மரங்களின் நிழல் விழுவது கிழக்குப் பக்க நடைபாதையில்தான், அதையும் கணக்கில் வையுங்கள். புங்கன், வேம்பு, பூவரசு நம் செம்மண்ணுக்குப் பழகியவை. ஏற்கெனவே நிற்கிற புளியமரத்தை வெட்டச் சொல்லி எஸ்டிமேட் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், பாதையை மரத்தைச் சுற்றி வளைக்கலாம். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது மண் திறந்திருக்கட்டும், சிமென்ட் கழுத்தை நெரிக்கக் கூடாது. வடிகால் ஒரு பக்கம், மரம் மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டால் வேரும் சுவரும் மோதாது.

கல் விஷயத்தில் உங்கள் சங்கத்தில் யாரோ ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது, நம் ஊர் அடையாளம். ஆனால் ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகையின் மேல் வார்க்கப்படுவது, அதன் மினுமினுப்பே அங்கிருந்துதான் வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் பட்டாலைக்கும் வளவுக்கும் ஏற்றது. மழையில் நனைந்த வழவழப்பில் வயதானவர் கால் வைத்தால் இடுப்பெலும்பு போகும். அந்த அழகைப் பஸ் நிறுத்தத்தின் பின்சுவரில் காட்டுங்கள். தரைக்குச் சொரசொரப்பான பேவர் பிளாக் அல்லது கொத்திய கருங்கல் பலகை. நடப்பதற்கு 60 மி.மீ. தடிமன் போதும், கார் கடக்கும் வாசல்களில் 80 மி.மீ. கேளுங்கள். அடியில் நன்றாக இறுக்கிய ஜல்லித் தளம், அதன் மேல் மெல்லிய மணல். மணலைக் கொட்டி மட்டம் சரிக்கட்டுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த மழையில் குழியாகும். பார்வையற்றவர்களுக்கான கோடு போட்ட கற்கள் போகும் வழியையும், புள்ளி போட்ட கற்கள் நிற்க வேண்டிய இடத்தையும் காட்டும். அந்த வரிசை நேராக மின்கம்பத்தில் போய் முட்டுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊரில் பார்த்திருக்கிறேன், ஆகவே கம்பங்களை நகர்த்திய பிறகுதான் கல் பதிக்கத் தொடங்க வேண்டும். கம்பம் மாற்ற மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும், அது எஸ்டிமேட்டிலேயே இருக்கட்டும். குடிநீர் இணைப்புக்கும் கேபிளுக்கும் வீட்டுக்கு ஒரு குழாயைத் தளத்துக்கு அடியில் இப்போதே விட்டுவிட்டால் பின்னால் தோண்ட வேலையில்லை.

சாயங்காலம் பணியாரக் கடை, இளநீர் வண்டி வரும். அவர்களைத் துரத்தும் திட்டமாக இதை ஆக்காதீர்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது, நகர விற்பனைக் குழு மூலம் இடம் ஒதுக்க வழி சொல்கிறது. பஸ் நிறுத்தத்தருகே நடைபாதையை ஒட்டி, நடக்கும் 1.8 மீட்டருக்கு வெளியே நாலைந்து வண்டிக்கு இடம் விடுங்கள். இருட்டிய பிறகு அந்த வெளிச்சமும் ஆள் நடமாட்டமும்தான் பெண்கள் தனியே நடந்து வருவதற்குத் துணை. தைப்பூசத்துக்கு நகரத்தார் பழனிப் பாதயாத்திரை குன்றக்குடி வழியாகப் போவது உங்களுக்குத் தெரியும். உங்கள் சாலையிலும் அந்த நாள்களில் கூட்டம் நடக்கலாம். அதற்கென்று அகலத்தைக் கூட்ட வேண்டாம், ஆனால் ஓரத்தில் கம்பித் தடுப்பு வரிசையாக நட்டு அடைக்க வேண்டாம்.

யாரிடம் போவது என்பதில் சிக்கல் இருக்கலாம். 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றியிருந்த பகுதிகளும் சேர்ந்தன. நேற்று வரை ஊராட்சிச் சாலையாக இருந்தது இன்று மாநகராட்சியின் கையில் இருக்கலாம், மாவட்டச் சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறையிடம். முதலில் அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதோடு நில அளவைத் துறையின் புலப்பட வரைபடத்தை வைத்து சர்வேயர் இருபுற எல்லையையும் கல் நட்டுக் காட்ட வேண்டும். பத்திரத்து நாற்பதடி தரையில் முப்பத்தாறாக இருந்தால் டெண்டருக்கு முன்பே தெரிய வேண்டும். பகுதி சபையில் வைத்துப் பேசித் தீர்மானமாக்குங்கள். நிதிக்கு மாநகராட்சிப் பொது நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டும் நமக்கு நாமே திட்டம் என்று வழிகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பது போல இதற்கும் கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்த ஆவணத்தில் மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்: குறிப்பிட்ட காலத்துக்குள் உடைந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்வது, தோண்டுகிற துறை அதே மட்டத்தில் திருப்பிப் பதித்துக் கொடுப்பது, பதித்ததே போல நூறுக்கு இரண்டு மூன்று கற்களை உபரியாக வாங்கி வார்டு அலுவலகத்தில் வைப்பது. முதல் ஐம்பது மீட்டர் முடிந்ததும் வேலையை நிறுத்திவைக்கச் சொல்லி, ஒரு சக்கர நாற்காலியையும் தண்ணீர்க் குடம் ஏற்றின தள்ளுவண்டியையும் அதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் எங்கும் நிற்காமல், சாயாமல் போனால் மட்டும் அடுத்த ஐம்பது மீட்டருக்கு ஒப்புதல் கொடுங்கள்.